தண்ணீருக்கு வழி காட்டத் தெரிந்தவர் எங்கே? மலைநாட்டின் மீள்கட்டுமானமும் மறந்துபோன ஒரு தொழிலும்

பதுளை நகரில் நான் ஒரு ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். சீமெந்து, கம்பி, தகரம், பீ.வி.சி. குழாய், பீலி, ஆணி எல்லாம் எங்களிடம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, கடைக்கு வருபவர் கையிலுள்ள துண்டுச் சீட்டைப் பார்த்தே அவருடைய வீட்டுக்கு என்ன நடந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். தகரம் கேட்டால் கூரை போயிருக்கிறது. சீமெந்தும் கல்லும் கேட்டால் பின்சுவர் போயிருக்கிறது. எல்லாமே கேட்டால் வீடே போயிருக்கிறது.

இத்தனை மாதங்களில் ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. "இந்தக் கூரையிலிருந்து இறங்கும் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது?" என்று எவரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேட்கவில்லை, கூட வரும் பாஸ் கேட்கவில்லை, நிவாரணத்துக்கு மொத்தமாகச் சாமான் எடுக்க வரும் அமைப்புகளும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களை இழந்தோம். அவற்றில் பெரும் பங்கு மலைநாட்டில், மண்சரிவில் போனவை. இப்போது மீள்கட்டுமானம் என்ற பெயரில் அதே மலைகளில் புதிய வீடுகளுக்காகவும் புதிய பாதைகளுக்காகவும் மண் வெட்டப்படுகிறது. வெட்டுகின்ற கைகள் பழைய கைகள்தாம். அந்தக் கைகளுக்கு மழைநீரை நடத்தும் வித்தையைக் கற்றுக்கொடுக்காமல் நாம் கட்டும் ஒவ்வொரு வீடும் அடுத்த மழைக்கு வைக்கும் பந்தயம்.

என் வீட்டுச் சுவரின் கதை

நான் பொறியியலாளன் அல்லன். இந்த விடயத்தை எனக்குக் கற்றுத்தந்தது என் வீட்டுச் சுவர்.

சில வருடங்களுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எட்டடி உயரத்துக்கு ஓர் அணைச்சுவர் கட்டினேன். கட்டியவர் நல்ல பாஸ். நேர்மையானவர், கை சுத்தமானவர். சீமெந்து என் கடையிலிருந்தே போனது, எனவே அதில் கஞ்சத்தனம் கிடையாது. சுவரில் தண்ணீர் கசிய ஓட்டை விடவேண்டுமா என்று பேச்சு வந்தபோது, "ஓட்டை விட்டால் சுவர் ஊத்தையாகும், முதலாளி" என்றார். நானும் சரி என்றேன். மார்கழி மழை மூன்றாம் நாள் சுவர் வயிறு தள்ளியது. நான்காம் நாள் பகலில் விழுந்தது. பிள்ளைகளின் அறை ஜன்னல் வரை மண் வந்து நின்றது. பிள்ளைகள் பாடசாலையில் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

பார்க்க வந்த அதிகாரி ஒருவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மழை உங்கள் சுவரைத் தள்ளவில்லை. சுவருக்குப் பின்னால் நீங்கள் பூட்டி வைத்த தண்ணீர்தான் தள்ளியது."

மண்ணுக்குள் தண்ணீர் நிறையும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மண்ணின் பாரம் கூடுகிறது. அதோடு, மண் துகள்களுக்கு இடையில் அடைபட்ட நீர் அழுத்தம் கொடுத்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. பாரம் கூடி, பிடி தளர்ந்தால் சரிவு நகரத் தொடங்கும். மலைநாட்டு மண்சரிவுகளில் பெரும்பாலானவை மழைக்காலத்தில் வருவதன் காரணம் இவ்வளவுதான்.

கணக்கையும் பாருங்கள். 50 சதுர மீற்றர் கூரை என்பது மிகச் சிறிய வீடு. 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 5,000 லீற்றர் தண்ணீர் இறங்கும். என் கடையில் விற்கும் 1,000 லீற்றர் தாங்கிகள் ஐந்து நிரம்பும். இருபது வீடுகள் கொண்ட ஒரு புதிய குடியிருப்பில் நூறு தாங்கி. டித்வா நாட்களில் சில இடங்களில் 24 மணித்தியாலத்தில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்தது. நூறு தாங்கி முந்நூறு ஆகும். கூரை வரும் முன் அந்த மழை புல்லிலும் செடியிலும் பரவலாக விழுந்தது. கூரையும் கொங்கிரீட் முற்றமும் வந்த பிறகு அது ஒரே மூலையில் ஒன்றாகக் கொட்டுகிறது. அந்த மூலைக்குக் கீழே யாருடைய வீடு இருக்கிறது என்பதே கேள்வி.

மீரியபெத்த சொன்ன பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கள் இன்றுவரை அங்கேயே இருக்கின்றன.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. மக்கள் போவதற்கு வேறு காணி கொடுக்கப்படவில்லை. தப்பியவர்களுக்கு மக்கள்தெனிய பகுதியில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்க இரண்டு வருடங்கள் சென்றன. 2023 மார்ச்சில் அதே பக்கத்தில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. இரண்டரை வருடம் கழித்து டித்வா வந்தது.

எச்சரிக்கை விடயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்ற மூன்று படிகள் இன்று பலருக்கும் தெரியும். 1990களின் தொடக்கத்தில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இரண்டு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். ஆக, எந்த மலை ஆபத்தானது என்பது முப்பது வருடமாக ஓரளவுக்குத் தெரிந்த விடயம்.

ஆனால் எச்சரிக்கை என்பது "ஓடு" என்று சொல்வது. ஓடத் தேவையில்லாதபடி மலையை வைத்திருப்பது வேறொரு வேலை. அதற்குத் தினமும் மண்வெட்டியோடு நிற்கும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும்.

கான் வெட்டு என்பது ஒரு தொழிலாக இருந்தது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் "கான் வெட்டு" என்ற சொல் தெரியும். மழைக்கு முன்னர் மலையின் சமவுயர வரிசையில் கான் வெட்டுவார்கள். கானுக்குள் இடைக்கிடை மண் தடுப்பு விடுவார்கள். தண்ணீர் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, சேற்றைக் கீழே படியவிட்டு, வழிந்து அடுத்த குழிக்குப் போகும். படிந்த மண்ணை அள்ளித் தேயிலை அடியில் மேல்பக்கம் போடுவார்கள். வழியும் நீர் கல் பதித்த பெருங்கானுக்குப் போய், அங்கிருந்து ஓடைக்கு இறங்கும். கானின் சாய்வு சற்றுக் கூடினால் தண்ணீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் தேங்கும். இந்த அளவைக் கண்ணாலேயே பிடிக்கும் கங்காணிமார் இருந்தார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் இருக்கவில்லை. மலை தெரிந்திருந்தது.

இந்த அறிவு அன்பினால் வந்ததல்ல. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட ஆங்கிலேயர் மேல்மண் ஆற்றோடு போவதைக் கண்டு பயந்தார்கள். 1931இல் மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவொன்றின் அறிக்கை அன்றைய அரசாங்கத்தினால் வெளியிடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1996இல் அது திருத்தப்பட்டது. சட்டம் இன்றும் இருக்கிறது.

மலையில் என்ன இருக்கிறது? 1992இல் தோட்டங்கள் கொம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போயின. ஆட்கள் குறைந்தார்கள், செலவு கூடியது. கொழுந்து பறித்தால் இந்த மாதம் பணம் வரும். கான் வெட்டினால் பத்து வருடம் கழித்துத் தெரியும் நன்மைதான் வரும். எது முதலில் நிறுத்தப்படும் என்று கேட்கவே தேவையில்லை. நான் போய்ப் பார்த்த பல மலைகளில் பழைய கான்கள் மண் மூடி, மானாப் புல் முளைத்துக் கிடக்கின்றன. பராமரிக்காத கான் இல்லாத கானை விட மோசம். அது தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வந்து, அடைபட்ட இடத்தில் உடைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் மலைக்குள் ஊற்றுகிறது.

ஒரே கான், இரண்டு விளைவு

"சரி, எல்லா இடத்திலும் பழையபடி கான் வெட்டினால் போயிற்று" என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பயிற்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

மண்ணரிப்பைத் தடுப்பதும் மண்சரிவைத் தடுப்பதும் ஒரே வேலையல்ல. மேல்மண் போகாமல் காக்க வேண்டுமானால் தண்ணீரை மெதுவாக்க வேண்டும், நிறுத்த வேண்டும், மண்ணுக்குள் இறங்க விடவேண்டும். குழி வெட்டித் தண்ணீரைத் தேக்குவது நல்ல விவசாயம். ஆனால் ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் சரிவில், மேலே வெடிப்பு விட்டிருக்கும் சரிவில், அதே குழி கொலைகாரன். அங்கே தண்ணீர் உள்ளே இறங்கவே கூடாது. வெடிப்பைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். சரிவுக்கு மேலேயே கான் வெட்டி நீரை மறித்து, உள்ளே கசியாத கானில் வெளியே கொண்டுபோக வேண்டும். செங்குத்தான இடத்தில் படிபடியாக இறக்கி அதன் வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசியில் அது விழும் இடத்தில் கல் பதிக்க வேண்டும்.

எந்த மலை முதல் வகை, எது இரண்டாவது வகை? சாய்ந்து நிற்கும் மரம், சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, வழமையாக வரும் இடத்தில் நின்றுபோன ஊற்று, இறுகி மூடாத கதவு. இவற்றை வாசிக்கத் தெரிந்தவர்தான் மண்வெட்டியை எங்கே வைப்பது என்று சொல்லலாம். தெரியாதவர் நல்ல எண்ணத்தோடு வெட்டும் கான் ஒரு லயனையே கொண்டுபோகலாம்.

தண்ணீரை மட்டும் ஒழுங்காக வெளியேற்றினால் என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பதுலுசிரிகம என்ற இடத்தில் ஒரு மலை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. மலைக்குள் நீண்ட துளைக் குழாய்களைக் கிடையாகச் செலுத்தி, உள்ளே நின்ற தண்ணீரை வெளியே எடுத்தார்கள். மேலே கான் கட்டினார்கள். பதுளை ரயில் பாதையில் வட்டவளையில் 1992இல் மண் நகர்ந்து பாதையைக் குழப்பியபோதும், கடைசியில் மலையின் வயிற்றிலிருந்து நீரை வடித்துத்தான் அதை அடக்கினார்கள்.

ஆக, வித்தை நம்மிடம் இருக்கிறது. கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கிறது, திட்டம் நடக்கும் இடத்தில் இருக்கிறது. பசறையில் வீட்டுத்தளம் வெட்டும் பெக்கோ சாரதியிடமும், லுணுகலையில் சுவர் கட்டும் பாஸிடமும் அது இல்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

ஹொங்கொங் நம் மலைநாட்டைப் போலச் செங்குத்தான ஊர். 1972 ஜூன் 18ஆம் திகதி ஒரே நாளில் சோ மௌ பிங், போ ஷான் வீதி என்ற இரண்டு இடங்களில் சரிவுகள் விழுந்து 138 பேர் இறந்தார்கள். 1976இல் அதே சோ மௌ பிங்கில் மீண்டும் 18 பேர். அதன் பிறகு 1977இல் சரிவுகளுக்கென்றே ஓர் அரச அலுவலகம் அமைத்தார்கள். வெட்டிய சரிவுகள் ஒவ்வொன்றையும் பதிந்து இலக்கம் கொடுத்தார்கள். சரிவின் சொந்தக்காரர் யார் என்று எழுதினார்கள். மழைக்காலத்துக்கு முன்னர் கான் துப்புரவு செய்வது அவருடைய கடமை என்றார்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று கைநூல் போட்டார்கள். மழை குறையவில்லை; சாவு குறைந்தது.

அமெரிக்காவில் கட்டடவேலைக்காக ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ மண் கிளறுவதானால் மழைநீருக்கான அனுமதி வேண்டும். மழைநீரும் சேறும் எங்கே போகும் என்ற திட்டத்தை முதலே எழுதிக் கொடுக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் குறித்த இடைவெளியில் வந்து பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுக்கென்றே பரீட்சை எழுதிப் பட்டயம் பெறும் தொழில் அங்கே இருக்கிறது. அத்துறையினரின் சர்வதேசச் சங்கம் 1972இலிருந்து இயங்குகிறது.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரு விடயம் பொது. மழைநீரை நடத்துவது ஒருவருடைய பெயரில் எழுதப்பட்ட வேலை. நமது மலைகளில் அது எவருடைய வேலையும் அல்ல.

சட்டத்தில் உள்ள ஓட்டை

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல் வீடு கட்டும் அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை தேவை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் லயனில் வாழும் குடும்பத்துக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாதவர் எந்த அனுமதிக்கு விண்ணப்பிப்பார்? அறைக்குப் பின்னால் ஒரு குசினி இறக்க மண் வெட்டுவார். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார். அவருக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர்களும் அதையே செய்திருப்பார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக வாழ்ந்த மண்ணில் ஒரு கான் வெட்டுவதற்கும் துரையிடம் கேட்கவேண்டிய நிலையில் வைக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. அந்தத் தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் நீங்கியது. தோட்டத்துப் பாதைக்கும் கானுக்கும் மதகுக்கும் இன்று பிரதேச சபை பணம் செலவிடலாம். கை திறந்துவிடப்பட்டிருக்கிறது. அந்தக் கையில் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் என்று நம் பிரதிநிதிகள் சபையில் கேட்கவேண்டும்.

நாமும் பார்வையாளர்கள் அல்லர்

இதுவரை வாசித்த சிலர், "இது தோட்டத்துப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். அதற்காகவே இதை நமது சமூகத்தின் தளத்தில் எழுதுகிறேன்.

ஊவாவில் நாம் கடைக்காரர்கள், ஒப்பந்தகாரர்கள், லொறி முதலாளிகள், மரக்கறி வியாபாரிகள். குருத்தலாவையிலும் சில்மியாபுரயிலும் வெலிமடையைச் சுற்றியும் நம்மவர்கள் தலைமுறைகளாகக் கிழங்கும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள். சாய்ந்த நிலத்தில், மழைக்காலத்தில், மண்ணை மலர்த்தி வைத்துச் செய்யும் பயிர் அது. பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு சாலும் ஒரு கானாகி மேல்மண்ணை உமா ஓயாவுக்குக் கொண்டுபோகிறது. உமா ஓயா கொண்டுவரும் மண்ணால் ரந்தம்பே நீர்த்தேக்கம் நிறைந்து வருவது பல வருடமாகப் பேசப்படும் விடயம். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் தேக்கங்களும் அதே ஆற்றுப் படுகையில்தான் இருக்கின்றன. நம் வயலில் இருந்து போகும் மண் நம்முடைய பசளைக் காசு. அது கடைசியில் மின்சாரத்தையும் தண்ணீரையும் தின்கிறது.

நகரத்துக்கு வருவோம். கடை வாசலில் கானின் மேல் கொங்கிரீட் பலகை போட்டு மூடிச் சாமான் அடுக்குபவர்களில் நானும் ஒருவன். கானைத் துப்புரவு செய்ய வந்தவர்கள் பலகையைத் தூக்க முடியாமல் திரும்பிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அக்குறணை நகரம் பிங்கா ஓயாவின் வெள்ளத்தில் மீண்டும் மீண்டும் மூழ்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்து அனுதாபப்படும் நாம், நம் ஊரில் அதே வேலையைச் சிறிதாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

டித்வா நாட்களில் நமது இளைஞர்கள் செய்த சேவையை நான் குறைக்கவில்லை. பள்ளிவாசல்களில் சமைத்த சோறு எல்லா இன மக்களுக்கும் போனது. தோட்டத்துக்குக் கால்நடையாக உணவு சுமந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வேகம் அல்லாஹ் தந்த அருள். ஆனால் ஒவ்வொரு வருடமும் சோற்றுப் பொதியோடு ஓடும் சமூகம், ஒரு தடவையாவது மண்வெட்டியோடு முன்கூட்டிப் போகக் கூடாதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று ஜும்ஆ மேடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மலைநாட்டில் கயிறு என்பது கான்.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய அமைச்சு தேவையில்லை. இருக்கும் நிறுவனங்களை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தால் போதும்.

முதலாவது, குறுகிய காலப் பயிற்சி. இலங்கையில் தேசிய தொழில் தகைமை முறையில் மேசனுக்கும் பெக்கோ சாரதிக்கும் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. மலைச்சரிவில் மழைநீர் நடத்துவது, மண்ணரிப்புத் தடுப்பது என்பதைப் பத்துப் பதினைந்து நாள் கொண்ட ஒரு பாடமாக்கி அதனோடு சேர்க்கலாம். வகுப்பறையில் இரண்டு நாள் போதும், மீதி மலையில். அணைச்சுவருக்குப் பின்னால் கல் நிரப்புவதும் துளைக் குழாய் வைப்பதும், கானின் சாய்வை ஒரு குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிப்பதும், வெட்டிவேர், குவாத்தமாலா புல் போன்றவற்றை எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக நடுவது என்பதும் கையால் பழகவேண்டிய வேலைகள். தமிழிலும் சிங்களத்திலும், அதுவும் பாஸுக்கும் கங்காணிக்கும் விளங்கும் மொழியில் நடக்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாடத்தைத் தரலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் களத்தைத் தரலாம். பதுலுசிரிகம அவர்களின் வாசலிலேயே இருக்கிறது.

இரண்டாவது, பழைய கங்காணிமார். அனுபவத்தால் கற்றவர்களைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி தொழில் தகைமை முறையில் ஏற்கெனவே உண்டு. அவர்கள் கண்ணை மூடுமுன் அவர்களைப் பயிற்றுநர்களாக்க வேண்டும். இளைஞன் அவர்களிடமிருந்து மலையைக் கற்கட்டும். அவர்கள் பொறியியலாளரிடமிருந்து எந்த மலையில் தண்ணீரைத் தேக்கக் கூடாது என்பதைக் கற்கட்டும்.

மூன்றாவது, பணத்தோடு கட்டவேண்டும். மீள்கட்டுமான வீடு எதுவானாலும், தளம் வெட்டிக் கான் கட்டிய வேலையைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அடுத்த தவணைப் பணம் போகக் கூடாது. இந்த ஒரு விதி வந்தால் பயிற்சிக்கு ஆள் தேடவேண்டியதில்லை, வரிசையில் நிற்பார்கள். பாஸுக்கு அது கூடுதல் கூலி. தோட்டத்து இளைஞனுக்குக் கொழும்புக் கடைக்குப் போகாமல் ஊரில் இருக்க ஒரு தொழில்.

நான்காவது, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் சம்பளத்தோடு ஒருவர். ஊவாவில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கித் தை வரை நிற்கும். செப்டெம்பருக்குள் அவர் எல்லாக் கானையும் மதகையும் நடந்து பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் கொடுக்கவேண்டும். கொப்பியில் எழுதிய பின் எவரும் "தெரியாது" என்று சொல்ல முடியாது. மீரியபெத்தவில் எழுத்து இருந்தது, செய்பவர் இருக்கவில்லை. அதனால் எழுதியதைச் செய்யும் பணமும் அந்தக் கொப்பியோடு போகவேண்டும்.

ஐந்தாவது, நமது பங்கு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் இளைஞனை, ஒரு பாஸை இந்தப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை ஏற்கட்டும். நம்மவருக்கு ஒன்று என்றால் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்று. கான் ஓடும் காலமெல்லாம் அது ஸதகத்துல் ஜாரியா. முதல் வேலையை நம் பள்ளிவாசலின் பின்சுவரிலும், மத்ரஸாவின் கூரைப் பீலியிலும், பாடசாலையின் கானிலும் தொடங்கட்டும். ஹார்ட்வெயார் முதலாளிமாரும் ஒன்று செய்யலாம். சீமெந்து பில் போடும்போது, "பின்சுவருக்கா? தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்கலாம். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். முதலில் சிரிக்கிறார்கள், பிறகு யோசிக்கிறார்கள். துளைக் குழாய் இப்போது என் கடையில் கொஞ்சம் விற்கிறது.

மண்சரிவுக்குப் பிறகு மலையைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். அமைச்சர் வருகிறார், கமெரா வருகிறது, நாமும் சோற்றுப் பொதியோடு போகிறோம். மழைக்கு முன்னால், வெயில் காயும் ஓகஸ்ட் மாதத்தில், மண்வெட்டியும் கொப்பியுமாக ஒருவர் தனியாக அந்த மலையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். அவரைப் படம் பிடிக்க எவரும் வரமாட்டார்கள். அப்படி ஒருவரை நாம் இந்த வருடமே பயிற்றுவித்து அனுப்பினால், அடுத்த ஒக்டோபரில் பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு வீடு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.